தோழி இல்லாத களவு

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஒன்றுகூடிக் களனி கங்கை என்னும் பெயர் கொள்வது எமது பொல்பிட்டியவை அடுத்தேயாம். ஆறு கூடும் இடத்தில் வழியும் கூடும். 1957ஆம் ஆண்டில் வெளியான ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தை எடுப்பதற்காகப் பிறநாட்டார் கூட்டமொன்று அயலிலுள்ள கித்துல்கலையில் வந்து தங்கிற்று. 1969இல் இங்கே நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அதன்பொருட்டும் வெளியூரார் பலர் வந்தனர். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி ஈறாகச் சிவனொளிபாத மலைக்குச் செல்லும் அடியார் கூட்டம் ஆண்டுதோறும் ஹற்றனையும் மஸ்கெலியாவையும் நிறைக்கின்றது. இந்நாளில் கங்கையின் பெருவெள்ளத்தில் இரப்பர் ஓடம் விடுவோரும், தேயிலை மலைகளினூடே ரயிலேறி எல்ல வரை செல்வோரும் அவரோடு சேர்ந்துகொண்டனர். ஆகவே வழிப்போக்கர் நமக்குப் புதியரல்லர். அவர் கையிலுள்ள கருவியே புதிது.

அக்கருவியில் டேட்டிங் செயலி என்று ஒன்று உண்டு. விடுதிக்கு வந்து பையை இறக்கிவைத்தவுடன் வழிப்போக்கர் அதனைத் திறக்கின்றார். இத்தனை கிலோமீற்றருக்குள் இன்னின்னார் உளர் என்று முகங்களை அது வரிசையாகக் காட்டுகின்றது. விரும்பிய முகத்தை வலப்பக்கமும் விரும்பாததை இடப்பக்கமும் தள்ளவேண்டும். இருவரும் ஒருவரையொருவர் வலப்பக்கம் தள்ளினால் பேச்சுத் தொடங்கும். 2012இல் தோன்றிய டிண்டர் இம்முறையை உலகறியச் செய்தது. 2015 முதல் ‘பாஸ்போட்’ என்று ஒரு வசதியையும் அது விற்கின்றது. அதனைப் பெற்றவர் இலண்டனில் இருந்தவாறே ஹற்றன் நகரைக் குறித்துக்கொண்டு, ஆள் வருமுன்னரே இங்குள்ள முகங்களைப் பார்த்துவிடலாம். நிலைத்த உறவை நாடாது, தங்கும் சில நாளைக்கு மட்டும் துணை தேடுவோரும் பயணத்தின்போது இவற்றைத் திறக்கின்றனர்.

ஐம்பதைக் கடந்த தமிழாசிரியன் ஒருவன் இப்பொருளை ஏன் கையிலெடுக்க வேண்டும் என்று வாசகர் வினவலாம். இத்தகைய பழக்கத்தை நாம் போற்றுவாரல்லேம். ஆயினும் நம் பிள்ளைகள் கொழும்புக்கும் துபாய்க்கும் தொறொன்ரோவுக்கும் போகின்றார்கள். அங்கிருந்து பலர் இங்கும் வருகின்றார்கள். அவர் யாவர் கையிலும் இக்கருவி இருக்கின்றது. கண்ணை மூடிக்கொள்வது பூனைக்கு ஆகலாம், ஆசிரியனுக்கு ஆகாது. மேலும், நாம் எழுதுவதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. அதனைச் சொல்லிவிடுவதே நேர்மை.

ஈராண்டுகளுக்கு முன், நம்மிடம் தமிழ் படித்த ஒரு பெண், அப்பொழுது முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள், இத்தகைய செயலி ஒன்றில் ஒரு பயணியைச் சந்தித்தாள். அவன் மூன்று மாதம் இம்மலைநாட்டில் தங்கப் போவதாக எழுதியிருந்தான். நிகழ்ந்தது பெரிதொன்றும் இல்லை. இரண்டு நாள் மாலையில் வீதியோரமாக நடந்தார்கள். ஒருநாள் கினிகத்தேனையில் தேநீர் அருந்தினார்கள். ஐந்தாம் நாள் அவன் விடுதியைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டான். ஒரு சொல்லும் இல்லை. அவனுடைய விடுமுறையே ஐந்து நாள்தான் என்பது பின்னரே தெரிந்தது. அதற்குள் அயல் தோட்டத்து இளைஞன் ஒருவன் தன் தொலைபேசியில் அவளுடைய பக்கம் தோன்றக் கண்டு, அதனை ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் பலருக்கும் அனுப்பியிருந்தான். சுவருக்குச் சுவர் காது வைத்த லயத்தில் அது பரவுவதற்கு ஒரு பொழுது போதும். மறுவாரம் பிரட்டுக்களத்தில் தாயாரைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த அம்மா நம்மிடம் வந்து, “ஐயா, நீங்கள்தான் புத்தி சொல்லவேண்டும்” என்று அழுதார். நாம் சொன்ன புத்தி, “தொலைபேசியை வாங்கி வைத்துவிடுங்கள்” என்பது. அப்பெண் அன்று நம்மை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பொய்யுரைத்தவன் ஒருவன், படம் பரப்பியவன் இன்னொருவன், நாம் தண்டித்ததோ அவளை. முன்பள்ளி வேலையும் போயிற்று.

அன்றிரவு மறுநாட் பாடத்துக்காகத் தொல்காப்பியக் களவியலை விரித்தபோதுதான் நாம் செய்த பிழை நமக்கு உறைத்தது. களவென்பது நம் முன்னோர் ஒளித்து வைத்த பொருளன்று. இலக்கணம் வகுத்து ஓதிய பொருள். அதற்குரிய நிலமும் குறிஞ்சியே, அஃதாவது நம் மலைநிலமே. அங்கும் தலைவன் வழிப்போக்கனாகவே வருகின்றான். கையில் வேலேந்தி, அம்பு தைத்த யானையொன்று இவ்வழி வந்ததுண்டோ என்று வினவிக்கொண்டு தினைப்புனத்தில் நுழைகின்றான். யானை அவனுக்கு வேண்டுவதன்று என்பது புனங்காப்போர்க்கும் தெரியும், படிப்போர்க்கும் தெரியும். ஆனால் அப்புனத்தில் தலைவி தனித்து நிற்பதில்லை. தோழி உடன் நிற்கின்றாள்.

நம் உரையாசிரியர்கள் தோழிக்கு வகுத்த தொழில்களை எண்ணிப் பாருங்கள். அவள் வந்தவனை உடனே ஏற்பதில்லை. அருமை கூறிச் சேட்படுத்துகின்றாள். கையுறையாகக் கொணர்ந்த தழையை வாங்க மறுக்கின்றாள். அவனுடைய ஊர் யாது, மலை யாது என்று ஆராய்கின்றாள். பகற்குறிக்கும் இரவுக்குறிக்கும் இடம் வகுப்பவளும் அவளே. இரவில் வருவானாயின் வழியின் ஏதம் கூறி மறுக்கின்றாள். நாள் நீளுமாயின், மணந்துகொள் என்று வரைவு கடாவுகின்றாள். ஈற்றில் அறத்தொடு நின்று செவிலிக்கு உண்மையை உரைக்கின்றாள். அறத்தொடு நிற்றல் என்னும் துறையைப் புறங்கூறல் என்று பிழைபடக் கொள்ளும் மாணாக்கர் ஆண்டுதோறும் உளர். புறங்கூறல் அன்று அது. தலைவியைக் காக்கும் பொருட்டு, அறியவேண்டியவர்க்கு அறியவேண்டிய நேரத்தில் அறிவித்தல்.

செயலி தந்திருப்பது யானை தேடிவரும் தலைவனை. தோழியை அது தரவில்லை. ஆகவே பயணத்திற்கு எச்செயலி தக்கது என்று கேட்பவர்க்கு நாம் கூறும் விடை ஒன்றே. தோழி செய்த தொழில்களுள் எத்தனையை அது செய்கின்றது, செய்ய இடம் கொடுக்கின்றது என்று பார்த்துத் தேர்ந்துகொள்க.

முதலாவது, கருத்து. இங்கே நம் இலக்கணத்துச் சொல்லொன்று மிகவும் உதவுகின்றது. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்று பிரித்து வைத்தனர் முன்னோர். சின்னாட் பழக்கம் என்று இருவரும் அறிந்து பழகினால் அது அவ்விருவர் பொறுப்பு. அதனை விரும்பாத நாமும் அதில் வஞ்சனை உண்டென்று சொல்ல மாட்டோம். ஒருவர் சின்னாட் பழக்கம் என்று எண்ண, மற்றவர் அதனைக் களவென்று, அஃதாவது கற்பில் முடியும் காதலென்று எண்ணினால் அதுவே இக்காலக் கைக்கிளை. நம் மாணவிக்கு நேர்ந்த தீங்கு முழுவதும் அந்த ‘மூன்று மாதம்’ என்னும் பொய்யிற் பிறந்ததேயன்றித் தேநீரிற் பிறந்ததன்று. இந்நாளிற் செயலிகள் சில இதனை ஓரளவு உணர்ந்துள்ளன. டிண்டர் 2022ஆம் ஆண்டின் இறுதியில், நீடித்த உறவா, குறுகிய காலக் களிப்பா, இன்னும் தெளியவில்லையா என்று தத்தம் பக்கத்தில் குறிப்பிடும் வசதியைச் சேர்த்தது. பம்பிளிலும் ஹிஞ்சிலும் இத்தகைய குறிப்பு உண்டு. இலண்டனிலிருந்து 2014இல் புறப்பட்ட ஃபீல்ட் என்பது வழக்கத்துக்கு மாறான விருப்பங்களையும் வெளிப்படக் கூறுவோர்க்கென்றே ஏற்பட்டது; தலையங்கத்தில் அதன் பெயரைக் கண்டு சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். கேட்பதை ஒளியாது கேட்கும் இடம், மணம் பேசுவதுபோல் நடித்து ஏமாற்றும் இடத்தினும் மேலானது என்பதே நம் துணிவு.

இச்செயலிகளின் பெயர் பலவாயினும் உடையவர் சிலரே. டிண்டர், ஹிஞ்ச், ஓகேகியூபிட் மூன்றும் மேட்ச் குழுமம் என்னும் ஒரே நிறுவனத்துக்குரியன. கடை மாறினோம் என்று நினைப்பவர் பலகைதான் மாறிற்று என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

இரண்டாவது, இடம். தூரத்தைக் காட்டுதல் நகரத்தில் ஒரு வகை, தோட்டத்தில் வேறு வகை. கொழும்பில் இரண்டு கிலோமீற்றருக்குள் பல்லாயிரவர் வாழ்வர். அவருள் ஒரு முகம் கூட்டத்தில் மறையும். நம் மலையில் அதே தூரத்துக்குள் ஒரு தொழிற்சாலை, ஒரு கோவில், நான்கு லயம். முகம் தோன்றிய மாத்திரத்தில் இன்னார் மகள் என்று வீட்டு வாசல் வரை தெரிந்துவிடும். அன்றியும், தூரத்தை அறிந்தால் இடத்தை அறிவது நில அளவையாளர் நன்கறிந்த கணக்கு. மூன்று இடங்களில் நின்று ஒரு பொருளின் தொலைவை அளந்து, அத்தொலைவுகளை ஆரையாகக் கொண்டு மூன்று வட்டம் வரைந்தால், மூன்றும் வெட்டும் புள்ளியே அப்பொருள் நிற்கும் இடம். டிண்டரில் பிறர் தூரம் மிக நுண்ணிதாக வெளிப்பட்டமையால் இக்கணக்கினால் ஒருவர் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது என்பதை 2014 பெப்ரவரியில் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் வெளியிட்டனர். குறை பின்னர்த் திருத்தப்பட்டது. ஆயினும் தூரத்தை மறைத்துக்கொள்ள இடங்கொடாத செயலியை மலைநாட்டில் திறத்தல், இரவுக்குறிக்கு வீட்டு வாசலில் விளக்கேற்றி வைப்பதை ஒக்கும். தூரம் மறைக்க வழி உண்டா, நாம் விரும்பியவர்க்கு மட்டும் நம் முகம் தோன்றச் செய்ய வழி உண்டா என்று முதலில் நோக்குக. சில செயலிகள் இதற்குப் பணம் கேட்கின்றன. கூடுதல் முகங்களைக் காண்பதற்குக் கொடுப்பதைவிட மறைவுக்குக் கொடுப்பது தகும்.

பகற்குறி இல்லின் புறத்தே, இரவுக்குறி இல்லின் எல்லையுள்ளே என்று இலக்கணம் சொல்லும். முன்பின் அறியாத இருவர்க்கு முதற்கண் பகற்குறியே உரியது: பலர் வந்துபோகும் தேநீர்க்கடை, ரயில் நிலையம். கொலம்பியா நாட்டின் மெதெயின் நகரில் 2023 நவம்பர், திசம்பர் ஆகிய இரு மாதங்களில் அமெரிக்கர் எட்டுப்பேர் ஐயத்துக்கிடமான முறையில் இறந்தனர். அவற்றுட் பல மயக்கமருந்து, கொள்ளை என்பவற்றோடு தொடர்புடையன என்றும், சிலவற்றில் டேட்டிங் செயலி இடம்பெற்றதென்றும் கூறி, 2024 சனவரியில் அந்நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகம் தன் குடிகளை எச்சரித்தது. இறந்தோருள் ஆடவரும் உளர் என்பதையும் நினைவிற் கொள்க. தோழியின் காவல் பெண்ணுக்கு மட்டும் வேண்டுவதன்று.

அறத்தொடு நிற்றலையும் இயந்திரத்திடம் ஒப்புவிக்கும் காலம் வந்துவிட்டது. எங்கே, எந்நேரம், யாரைச் சந்திக்கப் போகின்றோம் என்பதை நண்பர்க்கும் உறவினர்க்கும் அனுப்பும் வசதியொன்றை 2024இல் டிண்டர் ஏற்படுத்தியது. அது நல்ல ஏற்பாடே. ஆனால் அனுப்பப்படும் செய்தியைப் பெறுவதற்கு ஓர் ஆள் வேண்டுமன்றோ? நம் மாணவிக்கு அப்படி ஓர் ஆள் இருக்கவில்லை. தாயிடம் சொன்னால் அடி. தோழியரிடம் சொன்னால் சிரிப்பு. ஆசிரியரிடம் சொன்னால் என்ன கிடைக்கும் என்பதைத்தான் மேலே எழுதியுள்ளோம்.

மூன்றாவது, அலர். வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல், வெளிப்படப் பேசுவது அலர் என்று பிரிப்பர். குறுந்தொகையில் கபிலர் படைத்த தலைவி, தன் களவுக்குச் சாட்சியாக இருந்தது ஆரல் மீன் பார்த்து நின்ற ஒரு குருகுதான் என்று கலங்குகின்றாள். சாட்சியில்லாமை அவள் துயர். நம் காலத்துத் துயரோ சாட்சி மிகுதி. எழுதிய ஒவ்வொரு சொல்லும், அனுப்பிய ஒவ்வொரு படமும் எங்கோ ஒரு கணினியில் கிடக்கின்றது. மணமானவர்க்கு மறைவான தொடர்பு தேடித் தருவதாக விளம்பரம் செய்த ஆஷ்லி மாடிசன் என்னும் தளத்தில், பதிவை முற்றாக அழிப்பதற்கு 19 டொலர் வாங்கினார்கள். 2015இல் களவாளர் அத்தளத்துட் புகுந்து, 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை உலகறிய வெளியிட்டபோது, பணம் கொடுத்து அழித்தவர்களின் விவரமும் அழியாதிருந்தமை தெரியவந்தது.

மடலேறுதல் என்று நம்மிடையே ஒரு வழக்கம் பாடப்பட்டுள்ளது. தலைவியைப் பெறாத தலைவன் பனைமடலாற் செய்த குதிரையில் ஏறி, எருக்கமாலை சூடி, அவள் உருவம் எழுதிய கிழியைக் கையிற் பிடித்துத் தெருவில் வருவான். வகுப்பில் இதனைச் சொல்லும்போது மாணாக்கர் நகைப்பதுண்டு. சென்ற ஆண்டு ஒரு மாணவி நகைக்கவில்லை, “ஐயா, அதுவும் படத்தைக் காட்டிப் பயமுறுத்துவதுதானே?” என்று கேட்டாள். விடை சொல்லச் சிறிது நேரம் ஆயிற்று. ஒப்பு உண்டு. ஆனால் மடலேறியவன் தன் நாணத்தையும் துறந்து, நடுத்தெருவில் ஊரார் காணத் தானே இருந்தான். இந்நாளில் படத்தைக் காட்டி அச்சுறுத்துபவன் தன் முகத்தை மறைத்துக்கொண்டு கிழியை மட்டும் அனுப்புகின்றான். அவ்வாறு அச்சுறுத்தப்பட்டவர் பணம் கொடாது, செய்திகளை அழியாது வைத்துக்கொண்டு, குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவில் முறையிடலாம். பெண்கள் 1938 என்னும் எண்ணையும் அழைக்கலாம். முகங் காட்டும் படமும் பிறர் காணலாகாப் படமும் ஒருங்கே அனுப்பாதிருத்தல் எல்லாவற்றினும் முந்திய காவல்.

சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் ஒருபாலார் உறவைக் குற்றமாக்கின. அவற்றைத் திருத்தும் தனியார் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என்று 2023இல் இலங்கை உயர் நீதிமன்றம் கூறியும், அது நிறைவேறாமற் போயிற்று. இத்தகைய சட்டமுள்ள நாடுகளில் நுழைவோரை எச்சரிக்கும் அறிவிப்பு ஒன்றை டிண்டர் 2019இல் கொண்டுவந்தது. அவ்வெச்சரிக்கை வேண்டுவது இங்கு வரும் அயலவர்க்கு மட்டும் அன்று. சவூதி அரேபியாவிலும் கத்தாரிலும் மணத்துக்குப் புறம்பான உறவே தண்டனைக்குரியது. நம் தோட்டத்துப் பெண்கள் பலர் வீட்டுவேலைக்குச் செல்வது அந்நாடுகளுக்கே. இங்கே அலராக முடிவது அங்கே சிறையாக முடியக்கூடும். விமானம் ஏறுமுன் செயலியை நீக்கிவிட்டுப் போ என்பதன்றி வேறு தெரிவை அவர்க்கு நாம் கூறமாட்டோம்.

நோயைப் பற்றி நீட்டிப் பேசுதல் மருத்துவர் வேலை. அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனை இலவசம், இரகசியம் காக்கப்படும் என்பதை மட்டும் சொல்லி அப்பால் செல்கின்றோம்.

வழிப்போக்கர் நம் பத்திரிகையைப் படிக்கப் போவதில்லை; ஆனால் வழிப்போக்கராகப் போகும் நம்மவர் படிப்பர். அவர்க்கு ஒன்று சொல்வோம். நீங்கள் செல்லும் ஊரும் யாரோ சிலர்க்குப் பொல்பிட்டியவே. உங்களுக்கு அங்கே நான்கு நாள். செயலியில் முகங்காட்டிய அவர்க்கு அங்கேயே வாழ்நாள். நீங்கள் போன பின் அதே கடையில் பாண் வாங்குபவரும், அதே பஸ்ஸில் ஏறுபவரும் அவரே. எந்நாள் வந்தேன், எந்நாள் போவேன் என்பதைப் பக்கத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுவதற்கு எச்செயலியும் தடை சொல்வதில்லை. போகும் நாளை மறைத்தால்தான் ஒருவர் நம்மைச் சந்திப்பார் என்றிருந்தால், அச்சந்திப்பை விட்டுவிடலாம்.

நம் மாணவி இப்பொழுது ஹற்றனில் ஒரு கடையில் கணக்கெழுதுகின்றாள். சென்ற மாதம் அவளுடைய தங்கை கொழும்பில் ஆடைத்தொழிற்சாலை வேலைக்குப் புறப்பட்டாள். விடைபெற வந்த இருவரிடமும் நாம் தயங்கித் தயங்கி இப்பேச்சை எடுத்தோம். தொலைபேசியை வாங்கி வைப்பது பற்றி ஒன்றும் கூறவில்லை. மூத்தவள் சிரித்துவிட்டு, தங்கையின் கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினாள். செயலியில் எவரேனும் பேசவந்தால் கேட்கவேண்டிய கேள்விகளைத் தன் கையால் எழுதிக் கொடுத்திருந்தாள். உன் ஊர் எது? உன் முகத்தை இப்போதே வீடியோவில் காட்டுவாயா? என் அக்காவோடு பேசுவாயா? கீழே தன் தொலைபேசி எண்ணையும், இரவு எந்நேரமானாலும் எடுப்பேன் என்பதையும் எழுதியிருந்தாள். ‘எந்நாள் திரும்பிப் போவாய்?’ என்பது முதற் கேள்வியாக இருந்தது.